மாஸ்கோவின் கணக்கும் தில்லியின் நினைவும்

1962 அக்டோபர் 25 அன்று ‘பிராவ்தா’ நாளிதழ் இந்திய–சீன எல்லைச் சண்டை பற்றி ஒரு தலையங்கம் வெளியிட்டது. சீனப் படைகள் நம்கா சூ ஆற்றைக் கடந்து வந்து ஐந்து நாட்கள் ஆகியிருந்தன. தவாங் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்தது. மக்மகான் கோடு பிரிட்டிஷ் ஏகாதிபத்தியம் திணித்த கோடு என்றும், முந்தைய நாள் பெய்ஜிங் முன்வைத்த யோசனைகள் பேச்சுவார்த்தைக்கு ஏற்றவை என்றும் அந்தத் தலையங்கம் சொன்னது. சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் அதிகாரபூர்வ ஏட்டில் வருவது ஓர் ஆசிரியரின் சொந்தக் கருத்தாக இருக்க வழியில்லை. கிரெம்ளின் பேசிவிட்டது என்று தில்லிக்குப் புரிந்தது.

அதிர்ச்சிக்குக் காரணம் இருந்தது. 1955 டிசம்பரில் ஸ்ரீநகருக்கே வந்து காஷ்மீர் இந்தியாவின் பகுதி என்று அறிவித்தவர் குருஷேவ். 1962 ஜூன் 22 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் காஷ்மீர் தீர்மானத்தை வீட்டோவால் தடுத்ததும் சோவியத் ஒன்றியம்தான். ஆகஸ்டில் மிக்-21 போர் விமானங்களுக்கான உடன்பாடு கையெழுத்தாகியிருந்தது. ஜூனில் வீட்டோ, ஆகஸ்டில் விமானம், அக்டோபரில் இந்தத் தலையங்கம். நான்கு மாதத்தில் ஒரு நண்பன் இப்படி மாறுவானா?

மாஸ்கோ மாறியது உண்மை. ஆனால் தில்லி நினைத்த இடத்தில் அந்த மாற்றம் நிகழவில்லை. அதைப் புரிந்துகொள்ள மூன்றாண்டு பின்னால் போக வேண்டும்.

1959 ஆகஸ்ட் 25 அன்று லோங்ஜூவில் இந்திய, சீன வீரர்களுக்கிடையே துப்பாக்கிச் சூடு நடந்தது. செப்டம்பர் 9 அன்று சோவியத் செய்தி நிறுவனமான டாஸ் ஓர் அறிக்கை வெளியிட்டது. இரு தரப்பிலும் சேராமல், நடந்ததற்கு வருத்தம் மட்டும் தெரிவித்த அறிக்கை அது. கம்யூனிஸ்ட் நாடு ஒன்றுக்கும் கம்யூனிஸ்ட் அல்லாத நாடு ஒன்றுக்கும் இடையே தகராறு வரும்போது மாஸ்கோ நடுநிலை வகிப்பது அன்றைக்குக் கேள்விப்படாத விஷயம். பெய்ஜிங் கொதித்தது. தில்லி மகிழ்ந்தது. சீனா எல்லை மீறினால் கடிவாளத்தை இழுத்துப் பிடிக்க மாஸ்கோ இருக்கிறது என்ற நம்பிக்கை அங்கே வேர்விட்டது. சீனா பெரிய போருக்கு வராது என்று 1962 வரை நேரு அரசு கொண்டிருந்த எண்ணத்துக்கு வேறு காரணங்களும் உண்டு; இந்த நம்பிக்கை அவற்றில் முக்கியமான ஒன்று.

அதே செப்டம்பர் 15 அன்று குருஷேவ் அமெரிக்கா புறப்பட்டார். ஒரு சோவியத் தலைவர் அந்த நாட்டுக்குப் போவது அதுதான் முதல் முறை. மாத இறுதியில் கேம்ப் டேவிடில் ஐசனோவருடன் பேச்சு. அந்த நேரத்தில் சீனா இமயமலையில் துப்பாக்கியைத் தூக்கியது அவருக்குப் பெரும் தலைவலி. டாஸ் அறிக்கை இந்தியாவுக்குக் கொடுத்த பரிசு அல்ல; வாஷிங்டன் பயணத்துக்கு முன் செய்துகொண்ட ஏற்பாடு. 1962 அக்டோபரில் நிலைமை தலைகீழ். கியூபாவில் சோவியத் ஏவுகணைகள் இருப்பதாக அக்டோபர் 22 அன்று கென்னடி உலகுக்கு அறிவித்துவிட்டார். அணு ஆயுதப் போர் வாசலில் நிற்கும்போது முகாமில் உள்ள மிகப் பெரிய கூட்டாளியோடு பிணக்கு வைத்துக்கொள்ள எந்தத் தலைவருக்கும் மனம் வராது. அக்டோபர் மத்தியிலேயே குருஷேவ் சீனத் தூதரிடம் தங்கள் ஆதரவைச் சொல்லியிருந்தார் என்பதைப் பின்னாளில் வெளியான ஆவணங்கள் காட்டுகின்றன.

1959-இன் நடுநிலைக்கும் 1962-இன் சாய்வுக்கும் ஊற்று ஒன்றே: அமெரிக்காவோடு மாஸ்கோவுக்கு அந்தந்த நேரத்தில் இருந்த உறவு. இரண்டு முடிவுகளிலும் இந்தியா ஓரத்தில் நின்ற நாடு. நம்மைப் பற்றி எடுத்த முடிவு என்று நாம் படித்ததெல்லாம் வேறு யாரைப் பற்றியோ எடுத்த முடிவு.

இந்தக் கட்டுரை சொல்ல வருவது இதுதான். நட்பு நாட்டின் போக்கைக் கணிக்க வரலாற்றைப் புரட்டுவோர் பெரும்பாலும் தவறான ஏட்டைப் புரட்டுகிறார்கள். நமக்கும் அவருக்கும் இடையே நடந்த உதவிகளின், உபசாரங்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். அவருக்கும் அவரது எதிரிகளுக்கும் இடையே நடந்ததன் பட்டியல் வேறொரு அலமாரியில் கிடக்கிறது. நட்பு எப்போது இறுகும், எப்போது தளரும் என்பது அந்த இரண்டாவது பட்டியலில்தான் இருக்கிறது. இந்திய–சோவியத் உறவின் நாற்பதாண்டுக் கதை இதற்குக் கிடைத்த அருமையான சான்று. ஒரே கூட்டாளியை, ஒரே அமைச்சகம், சில வேளை சரியாகவும் சில வேளை தவறாகவும் வாசித்த கதை அது.

கியூபா நெருக்கடி அக்டோபர் 28 அன்று தணிந்தது. நவம்பர் 5 அன்று ‘பிராவ்தா’ மறுபடி எழுதியது: சண்டையை நிறுத்துங்கள், நிபந்தனையின்றிப் பேசுங்கள் என்று. சீனத் தரப்புக்கான ஆதரவு காணாமல் போயிருந்தது. இடையில் பதினொரு நாள்தான். டிசம்பரில் சுப்ரீம் சோவியத்தில் பேசிய குருஷேவ் சீனாவைக் குறை சொன்னார். தள்ளிப்போன மிக் விமானங்களும் 1963-இல் வந்து சேர்ந்தன. அந்தப் பதினொரு நாளில் மாஸ்கோ நம்மைக் கைவிட்டது என்று முடிவு கட்டி உறவை முறித்திருந்தால் அது 1959-இன் பிழையைவிடப் பெரிய பிழையாக இருந்திருக்கும். அப்படிக் கோரியவர்கள் நாடாளுமன்றத்திலும் பத்திரிகைகளிலும் இருந்தார்கள். அணிசேராக் கொள்கை செத்துவிட்டது என்றார்கள். நவம்பர் 19 அன்று நேருவே கென்னடிக்கு எழுதிய இரண்டு கடிதங்களில் அமெரிக்கப் போர் விமானப் படையணிகளைக் கேட்டார். ஆனாலும் மாஸ்கோவுடனான கதவு சாத்தப்படவில்லை. தூதர் டி.என்.கௌல் அங்கே பொறுமையாக இருந்தார். அந்தப் பொறுமையின் பலன் பிறகு தெரிந்தது.

அதே வாரங்களில் உலகின் மறு கோடியில் இன்னொரு கூட்டணியும் இதே கல்லில் தடுக்கி விழுந்தது. ஒரே மொழி பேசும், தினமும் தொலைபேசியில் உரையாடும் அமெரிக்காவும் பிரிட்டனும். பிரிட்டன் தன் சொந்த ஏவுகணைத் திட்டத்தை 1960-இல் கைவிட்டு, அமெரிக்கா உருவாக்கிவந்த ஸ்கைபோல்ட் ஏவுகணையை நம்பியிருந்தது. 1962 இறுதியில் செலவையும் சோதனைத் தோல்விகளையும் பார்த்து, பாதுகாப்புச் செயலர் மெக்னமாரா அதைக் கைவிட முடிவு செய்தார். பிரிட்டனுக்கு முன்கூட்டிச் சொல்லப்பட்டது. இருந்தும் லண்டன் மாற்று ஏவுகணையைக் கேட்கும் என்று வாஷிங்டன் காத்திருந்தது. வாஷிங்டன் தானாக முன்வந்து கொடுக்கும் என்று லண்டன் காத்திருந்தது. டிசம்பரில் விவகாரம் வெடித்து, பிரிட்டிஷ் பிரதமர் மேக்மில்லனின் அரசே ஆட்டம் கண்டது. நாசாவ் நகரில் கென்னடி பொலாரிஸ் ஏவுகணையைக் கொடுத்துச் சமாளித்தார். இவ்வளவு நெருங்கிய நண்பர்களுக்குள் இது எப்படி நடந்தது என்று கென்னடிக்கே விளங்கவில்லை. ஆராய்ந்து சொல்லும்படி அரசியல் அறிஞர் ரிச்சர்ட் நியூஸ்டாட்டைக் கேட்டார். 1963 நவம்பரில், கென்னடி கொலையுண்டதற்குச் சில நாட்கள் முன்பு, அந்த அறிக்கை அவர் கைக்கு வந்தது.

நியூஸ்டாட் கண்டது எளியது. மற்றவரின் அமைச்சரவைக்குள், கருவூலத்துக்குள், கட்சிக்குள் என்ன நடக்கிறது என்று இரு தரப்பும் பார்க்கவில்லை. தன் வீட்டு வழக்கத்தை வைத்து அடுத்த வீட்டை அளந்தார்கள். பின்னாளில் அவரும் வரலாற்றாசிரியர் எர்னஸ்ட் மேயும் சேர்ந்து ஹார்வர்டில் இதை ஒரு பாடமாகவே நடத்தினார்கள், 1986-இல் புத்தகமாக்கினார்கள். பழைய நிகழ்வை ஒப்பிடுமுன் ஒரு தாளை எடுத்து, ஒற்றுமைகளை ஒருபுறமும் வேற்றுமைகளை மறுபுறமும் எழுதச் சொல்வது அவர்கள் வழக்கம். தெரிந்தது எது, தெளிவற்றது எது, நாமாக எண்ணிக்கொண்டது எது என்று பிரித்து எழுதவும் சொல்வார்கள். பள்ளிக்கூடப் பயிற்சி போலத் தோன்றும். 1962 கோடையில் வெளியுறவு அமைச்சகம் இருந்த சவுத் பிளாக்கில் யாராவது அந்த மூன்றாவது பத்தியை எழுதியிருந்தால், ‘சீனாவை மாஸ்கோ தடுக்கும்’ என்பது அதில்தான் இடம்பெற்றிருக்கும். ‘தெரிந்தது’ என்ற பத்தியில் அதை எழுத ஓர் ஆதாரமும் கிடையாது.

1962-இல் கிடைத்த அடி தில்லிக்கு எதைக் கற்பித்தது? முழுதாக எதையும் இல்லை. 1964 அக்டோபரில் குருஷேவ் பதவியிழந்ததும் புதிய தலைமை தெற்காசியாவைத் தன் கண்ணால் பார்க்கத் தொடங்கியது. பாகிஸ்தானைச் சீனாவின் கையில் முழுதாக விட்டுவிடக் கூடாது என்பது அவர்கள் கவலை. 1965 ஏப்ரலில் அயூப் கான் மாஸ்கோவில் வரவேற்கப்பட்டார். அந்த ஆண்டின் இந்திய–பாகிஸ்தான் போருக்குப் பிறகு 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் சோவியத் பிரதமர் கோசிகின் இந்தியாவின் பக்கம் நிற்கும் நண்பராக வரவில்லை; இருவருக்கும் நடுவில் அமரும் பஞ்சாயத்துக்காரராக வந்தார். ஹாஜி பீர் கணவாயைத் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது. லால் பகதூர் சாஸ்திரி அங்கேயே இறந்த துயரம் அந்த மாற்றத்தைப் பார்வையிலிருந்து மறைத்துவிட்டது என்று நினைக்கிறேன். ஆறுதலும் அனுதாபமும் சூழ்ந்த நேரத்தில் தூதர்கள்கூட உடன்பாட்டின் வரிகளை நிதானமாகப் படிப்பதில்லை.

அதனால்தான் 1968 ஜூலையில் பாகிஸ்தானுக்கு சோவியத் ஆயுதம் என்ற செய்தி இடியாக இறங்கியது. தில்லியில் சோவியத் தூதரகத்தின் முன் ஆர்ப்பாட்டம் நடந்தது. ஜனசங்கமும் சுதந்திராக் கட்சியும் நாடாளுமன்றத்தில் அரசைக் கிழித்தன. இந்திரா காந்தி கோசிகினுக்குக் கவலை தெரிவித்துக் கடிதம் எழுதினார். ஆனால் அந்த ஆண்டின் நிகழ்ச்சிகளை வரிசைப்படுத்திப் பார்த்தால் இடிக்கு முன் மின்னல் தெரிகிறது. பெஷாவருக்கு அருகே படாபேரில் அமெரிக்காவுக்கு ஓர் ஒற்றறியும் தளம் இருந்தது. 1960 மே முதல் தேதி சோவியத் வானில் சுட்டு வீழ்த்தப்பட்ட யு-2 உளவு விமானம் பெஷாவரிலிருந்துதான் கிளம்பியது. 1959-இல் பத்தாண்டுக்குக் கொடுத்த குத்தகையை நீட்டிக்க மாட்டோம் என்று 1968-இல் பாகிஸ்தான் அறிவித்தது. அந்த ஏப்ரலில் கோசிகின் பாகிஸ்தான் போனார். ஜூலையில் ஆயுதம். தன் தலைக்கு மேலிருந்த அமெரிக்கக் காதை அடைக்க மாஸ்கோ கொடுத்த விலை அது. இவ்வளவும் நாளிதழ்களில் வந்த செய்திகள், ரகசியம் ஏதுமில்லை. இந்தியாவின் மீது மாஸ்கோவுக்கு என்ன கோபம் என்று அன்று ஆராய்ந்தவர்கள் பெஷாவரைப் பார்த்திருக்க வேண்டும்.

இந்திரா காந்தி உறவை முறிக்கவில்லை. அடுத்த மாதமே சோவியத் டாங்கிகள் பிராக் நகருக்குள் நுழைந்தபோது பாதுகாப்புச் சபையில் இந்தியா வாக்களிக்காமல் ஒதுங்கியது. அந்த வாக்கு இன்று படிக்கும்போதும் உறுத்துகிறது. ஒரு சிறு நாட்டின் சுதந்திரம் நசுக்கப்பட்டபோது நாம் வாய் திறக்கவில்லை. கணக்காகப் பார்த்தால் அது பலித்தது என்பதும் உண்மை. இரண்டையும் சேர்த்தேதான் சொல்ல வேண்டும்.

1969 மார்ச்சில் உசூரி ஆற்றின் ஒரு சிறு தீவில் சோவியத், சீனப் படைகள் மோதின. பல பத்துப் பேர் மாண்டனர். அந்த மாதமே சோவியத் பாதுகாப்பு அமைச்சர் மார்ஷல் கிரெச்கோ தில்லி வந்தார். நட்புறவு ஒப்பந்தம் என்ற யோசனை அப்போதுதான் மேசைக்கு வந்தது. மாஸ்கோவுக்கு அவசரம், தில்லிக்கு இல்லை. டி.பி.தர் தூதராகப் போய் வரைவுகளைப் பேசி வைத்தார். இந்திரா காந்தி அதைக் கிடப்பில் போட்டார். சீனாவைப் பகைக்க விருப்பமில்லை. உள்நாட்டில் காங்கிரஸ் பிளவுபட்ட நேரம் வேறு.

1971 ஜூலையில் எல்லாம் மாறியது. அமெரிக்க அதிபரின் ஆலோசகர் கிஸ்ஸிங்கர் பாகிஸ்தானிலிருந்து ரகசியமாக பெய்ஜிங் பறந்தார். 15ஆம் தேதி நிக்சன் அதை அறிவித்தார். இரண்டு நாள் கழித்து, பாகிஸ்தான் விவகாரத்தில் சீனா தலையிட்டால் அமெரிக்காவின் உதவியை எதிர்பார்க்க வேண்டாம் என்று கிஸ்ஸிங்கர் இந்தியத் தூதர் எல்.கே.ஜாவிடம் சொல்லிவிட்டார். கிடப்பில் இருந்த வரைவு வெளியே வந்தது. ஆகஸ்ட் 9 அன்று தில்லியில் வெளியுறவு அமைச்சர்கள் ஸ்வரண் சிங்கும் குரோமிகோவும் கையெழுத்திட்டார்கள்.

அந்த ஒப்பந்தத்தின் ஒன்பதாவது பிரிவைச் சற்று நின்று படிக்கலாம். ஒரு தரப்போடு ஆயுத மோதலில் இருக்கும் மூன்றாம் நாட்டுக்கு மறு தரப்பு எந்த உதவியும் செய்யாது. தாக்குதலோ தாக்கும் அச்சுறுத்தலோ வந்தால் இருவரும் உடனே கலந்து பேசுவார்கள். இரண்டாவது பாதியைத்தான் எல்லோரும் மேற்கோள் காட்டுவார்கள். என் கண்ணுக்கு முதல் பாதியே பெரியது. 1968 ஜூலையை மறக்காத கைகள் எழுதிய வரி என்று படுகிறது. மாஸ்கோ நம்மை நேசிக்கிறதா என்ற கேள்வியை அது எழுப்பவில்லை. சீனாவைக் கண்டு மாஸ்கோ அஞ்சும் நேரத்தில், பாகிஸ்தானுக்கு ஆயுதம் போகும் கதவைச் சாத்தும் உறுதிமொழியை வாங்கிக்கொண்டது. வரலாற்றை ஒழுங்காகப் பயன்படுத்துவது என்றால் இப்படித்தான் இருக்கும்.

ஆனால் 1971 வங்கதேசப் போரின் வெற்றி ஒரு பழங்கதையாகி, அடுத்த தலைமுறையை ஏமாற்றியது. டிசம்பரில் பாதுகாப்புச் சபையில் விழுந்த மூன்று சோவியத் வீட்டோக்கள் எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அவற்றுக்கு முன்னும் பின்னும் நடந்தது நினைவில் இல்லை. ஒப்பந்தம் கையெழுத்தான பிறகும் மாஸ்கோ போரை விரும்பவில்லை; யாஹ்யா கானோடு அரசியல் தீர்வு என்றே பேசிக்கொண்டிருந்தது. செப்டம்பர் கடைசியில் இந்திரா காந்தி நேரில் போய் நிலைமையை எடுத்துச் சொன்ன பிறகே அதன் தொனி மாறியது. போர் நடக்கும்போது துணை வெளியுறவு அமைச்சர் குஸ்னெட்சோவ் தில்லி வந்து உட்கார்ந்தார். சீக்கிரம் முடியுங்கள், மேற்கு பாகிஸ்தான் மீது கை வைக்காதீர்கள் என்ற கவலையோடுதான். அந்தக் கவலையின் மறுமுனை வாஷிங்டனில் இருந்தது. அடுத்த ஆண்டு நிக்சன் மாஸ்கோ வரவிருந்தார். வீட்டோ கிடைத்தது. அதற்கு ஓர் அளவும் ஒரு காலக்கெடுவும் இருந்தன. கதையாகச் சொல்லும்போது அந்த அளவும் கெடுவும் உதிர்ந்துபோயின.

தமிழகத்திலும் அந்த நட்பு வெறும் செய்தியாக இருக்கவில்லை. நெய்வேலி அனல்மின் நிலையத்தில் சோவியத் பொறியாளர்கள் வேலை செய்தார்கள். ஆவடியில் சோவியத் உரிமத்தோடு டி-72 டாங்கி தயாரானது. நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் கடைகளில் மாஸ்கோவில் அச்சான தமிழ்ப் புத்தகங்கள், வழவழப்பான படங்களோடு, கொள்ளை மலிவாகக் கிடைத்தன. டால்ஸ்டாயையும் கார்க்கியையும் அந்தப் பதிப்புகளில் படித்து வளர்ந்தவர்கள் இன்றும் அவற்றைப் பத்திரமாக வைத்திருக்கிறார்கள். அந்தப் பாசத்தில் பொய்யில்லை. ஆனால் பாசம் வெளியுறவுக் கணிப்பின் வேலையைச் செய்யாது. 1979 டிசம்பரில் ஆப்கானிஸ்தானுக்குள் சோவியத் படை நுழைந்தபோது மாஸ்கோ தில்லியைக் கலந்து பேசவில்லை. இந்தியா ஐ.நா.வில் மென்மையாகப் பேசிப் பெயரைக் கெடுத்துக்கொண்டது.

எல்லாமே தவறாக வாசிக்கப்பட்டது என்று சொன்னால் அநியாயம். 1986 ஜூலை 28 அன்று விளாடிவாஸ்டாக்கில் பேசிய கொர்பச்சேவ், ஆமூர் ஆற்று எல்லையில் சீனாவின் நிலைக்கு இறங்கி வந்தார்; மங்கோலியாவிலும் ஆப்கானிஸ்தானிலும் படைகளைக் குறைப்பது பற்றிப் பேசினார். அந்தக் கோடையில்தான் அருணாசலத்தின் சும்டோராங் சூ பள்ளத்தாக்கில் சீனப் படைகள் வந்து முகாமிட்டிருந்தன. நவம்பரில் தில்லி வந்த கொர்பச்சேவ், சீனாவோடு மோதல் வந்தால் எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்லவில்லை. ராஜீவ் காந்தியும் அவரது ஆலோசகர்களும் அந்த மழுப்பலைப் பதிலாகவே எடுத்துக்கொண்டார்கள். சோவியத்–சீனப் பகை என்ற அடித்தளத்தில் கட்டிய பாதுகாப்பு இனி நிற்காது. பெய்ஜிங்கோடு நாமே பேசியாக வேண்டும். 1988 டிசம்பரில் ராஜீவ் காந்தி சீனா போனார். 1954-க்குப் பின் இந்தியப் பிரதமர் ஒருவர் அங்கே போனது அதுதான் முதல் தடவை. ஐந்து மாதம் கழித்துத்தான் கொர்பச்சேவே பெய்ஜிங் போனார். நண்பனுக்கு முன்னால் போய் நின்ற அந்த முடிவைப் பற்றி நாம் போதுமான அளவு பேசுவதில்லை. ராஜீவ் காலத்து வெளியுறவு என்றால் வேறு நிகழ்வுகள் நினைவுக்கு வந்துவிடுகின்றன.

மூன்றே ஆண்டில் இந்தக் கூர்மை மழுங்கியது. 1991 ஆகஸ்டில் மாஸ்கோவில் பழைமைவாதிகள் கொர்பச்சேவைக் கவிழ்க்க முயன்றபோது, அவசரப்பட்டுச் சீர்திருத்தம் செய்வோருக்கு இது ஓர் எச்சரிக்கை என்ற பொருளில் பிரதமர் நரசிம்ம ராவ் பேசினார். கவிழ்ப்பு மூன்றாம் நாள் தோற்றது. யெல்ட்சின் நாயகன் ஆனார். அந்த மாதமே இருபதாண்டு முடிந்த 1971 ஒப்பந்தம் மறு இருபதாண்டுக்கு நீட்டிக்கப்பட்டிருந்தது. கையெழுத்திட்ட நாடு அந்த ஆண்டு முடியுமுன் இல்லாமலே போனது. போகுமுன் நவம்பரில் ஐ.நா.வில், தெற்காசியாவை அணு ஆயுதமற்ற பகுதியாக்கக் கோரிய பாகிஸ்தானின் தீர்மானத்துக்கு ஆதரவாக வாக்களித்துவிட்டும் போனது. முந்தைய ஆண்டுகளில் அந்தத் தீர்மானத்துக்குக் கிடைக்காத வாக்கு அது.

கிரையோஜெனிக் என்ஜின் விவகாரத்தை இந்த வெளிச்சத்தில் பார்க்க வேண்டும். 1991 ஜனவரியில் இஸ்ரோ, சோவியத் நிறுவனமான கிளாவ்காஸ்மோஸுடன் சுமார் 235 கோடி ரூபாய்க்கு உடன்பாடு செய்தது. மிகக் குளிர்ந்த திரவ ஹைட்ரஜனிலும் திரவ ஆக்சிஜனிலும் இயங்கும் என்ஜின்கள், கூடவே அவற்றைச் செய்யும் தொழில்நுட்பம். 1992 மேயில் அமெரிக்கா இரு நிறுவனங்கள் மீதும் இரண்டாண்டுத் தடை விதித்தது. 1993 ஜனவரியில் தில்லி வந்த யெல்ட்சின், அமெரிக்க நெருக்குதலுக்குப் பணிய மாட்டோம், உடன்பாடு நிறைவேறும் என்று உறுதி சொன்னார். பத்திரிகைகள் பெரிதாகப் போட்டன. அதே பயணத்தில் கையெழுத்தான புதிய நட்புறவு ஒப்பந்தத்தில் 1971-இன் ஒன்பதாவது பிரிவின் பல் பிடுங்கப்பட்டிருந்தது. மேடையில் சொன்னதைவிடத் தாளில் எழுதியது உண்மையைச் சொன்னது. ஜூலையில் ரஷ்யா பின்வாங்கியது: என்ஜின்கள் தருவோம், தொழில்நுட்பம் தர மாட்டோம்.

துரோகம் என்ற சொல் அப்போது தாராளமாகப் புழங்கியது. யெல்ட்சின் பொய் சொன்னார் என்று நான் கருதவில்லை. சொன்ன நாளில் அவர் அதை நம்பியும் இருக்கலாம். ஆனால் அந்த மாஸ்கோவை ஓட்டியது அவரது நல்லெண்ணம் அல்ல. 1992-இல் சர்வதேச நிதியத்தில் சேர்ந்து கடனுக்குக் காத்திருந்த கருவூலம் ஒருபுறம். மேற்கோடு இணைவதையே கொள்கையாகக் கொண்ட வெளியுறவு அமைச்சர் கோசிரேவ் மறுபுறம். பின்வாங்கிய இரண்டு மாதத்தில், 1993 செப்டம்பரில், விண்வெளி நிலையத்தைக் கூட்டாகக் கட்டும் உடன்பாடு அமெரிக்காவோடு கையெழுத்தானது. நாசாவிடமிருந்து ரஷ்ய விண்வெளித் துறைக்கு 40 கோடி டாலர் வரும் வழியும் திறந்தது. சம்பளம் கொடுக்க முடியாமல் தவித்த ஒரு துறைக்கு முன்னால் இந்தியாவின் 235 கோடி ரூபாயை வைத்துப் பார்த்தால் மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. நியூஸ்டாட் சொன்னது போல, அடுத்த வீட்டின் கருவூலத்துக்குள் நாம் எட்டிப் பார்க்கவில்லை.

அதன் விலையைத் திருநெல்வேலி மாவட்டத்தின் மகேந்திரகிரி கொடுத்தது. அங்குள்ள சோதனைத் தளத்தில் சொந்த கிரையோஜெனிக் என்ஜினை உருவாக்க இஸ்ரோ பொறியாளர்கள் ஆண்டுக்கணக்கில் உழைத்தார்கள். ரஷ்யா தந்த என்ஜினோடு முதல் ஜிஎஸ்எல்வி 2001 ஏப்ரலில் ஏவப்பட்டது. சொந்த என்ஜினோடு 2010 ஏப்ரலில் ஏவியது தோற்றது. வெற்றி கிடைத்தது 2014 ஜனவரி 5 அன்று.

மகேந்திரகிரியிலிருந்து கடலை நோக்கி இறங்கினால் கூடங்குளம். 1988 நவம்பரில் ராஜீவும் கொர்பச்சேவும் கையெழுத்திட்ட அணு உலைத் திட்டம் சோவியத் சரிந்ததும் முடங்கியது. 1998 ஜூனில் உயிர்பெற்றது. பொக்ரான் அணுகுண்டுச் சோதனை நடந்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அமெரிக்காவும் ஜப்பானும் தடை விதித்துக்கொண்டிருந்தன. என்ஜின் தொழில்நுட்பத்தை மறுத்த அதே ரஷ்யா, ஐந்தாண்டில், வாஷிங்டனின் எதிர்ப்பைப் பொருட்படுத்தாமல் அணு உலை கொடுத்தது. இந்தியா மீதான அன்பு இதற்கிடையே கூடிவிட்டதா? நேட்டோ கிழக்கு நோக்கி விரியத் தொடங்கியிருந்தது, கோசிரேவ் போய் பிரிமாகோவ் வந்திருந்தார், ரஷ்ய அணுத் துறைக்கு வெளிநாட்டு ஆர்டர் உயிர்மூச்சாக இருந்தது. உலையின் பாதுகாப்பு பற்றி இடிந்தகரை மக்கள் எழுப்பிய கேள்விகள் வேறு வகை. அவை இந்தக் கணக்குக்குள் அடங்காதவை. ஆனால் நம் கடற்கரையில் அந்த உலை ஏன் வந்தது என்பதன் ஒரு பாதி நேட்டோவின் கதை.

இத்தனைக்குப் பிறகும் 2016 செப்டம்பரில் தில்லி மீண்டும் அதிர்ந்தது. உரி முகாம் தாக்கப்பட்ட ஆறாம் நாள் ரஷ்யப் படைகள் பாகிஸ்தானில் கூட்டுப் பயிற்சியைத் தொடங்கின. ஆனால் பாகிஸ்தானுக்கு ஆயுதம் விற்பதில்லை என்ற தடையை மாஸ்கோ 2014-லேயே நீக்கிவிட்டது. 2015-இல் தாக்குதல் ஹெலிகாப்டர்களுக்கு ஒப்பந்தமும் போட்டது. கிரிமியாவுக்குப் பின் மேற்கத்தியத் தடைகளில் சிக்கிய ரஷ்யாவுக்குப் புதிய சந்தைகள் தேவை; ஆப்கானிஸ்தானை ஒட்டிய கவலையும் இருந்தது. அதே காலத்தில் இந்தியா தன் ஆயுதங்களை அமெரிக்காவிடமும் பிரான்சிடமும் கூடுதலாக வாங்கத் தொடங்கியதையும் மாஸ்கோ கவனித்தது. நாம் நகர்ந்ததை நாம் கணக்கில் வைக்கவில்லை. நண்பன் மட்டும் நகர்ந்ததாகத் தோன்றியது.

2020-இல் கல்வான் மோதலுக்குப் பின் மாஸ்கோ 1959-இன் இடத்தில் நின்றது. ராஜ்நாத் சிங் அங்கே போய் ஆயுத வரத்தை விரைவுபடுத்தக் கேட்டார். செப்டம்பரில் ஜெய்சங்கரும் வாங் யீயும் சந்திக்க ரஷ்யத் தலைநகரே இடம் கொடுத்தது. பக்கம் சாயாத, இரு தரப்புக்கும் இதமான ரஷ்யா. அதைப் பார்த்து 1959-இல் எடுத்த முடிவையே எடுப்பவர்கள் இன்றும் உண்டு. அவர்கள் ஒற்றுமைகளை மட்டும் எழுதுகிறார்கள். 2022 பிப்ரவரி 4 அன்று புதினும் ஷியும் தங்கள் நட்புக்கு எல்லை இல்லை என்று அறிவித்தார்கள். இருபது நாளில் உக்ரைன் போர் தொடங்கியது. அதற்குப் பின் ரஷ்யாவின் எண்ணெய்க்குச் சந்தை, தொழிற்சாலைக்கு உதிரி, வங்கிக்கு யுவான் என்று பெரும்பகுதி பெய்ஜிங்கிலிருந்து. 1959-இல் சீனா சோவியத் ஒன்றியத்திடம் உதவி வாங்கும் நாடு. இன்று கை ஏந்தும் இடம் மாறிவிட்டது. வேற்றுமைப் பட்டியலின் முதல் வரியாக இது இருக்க வேண்டும். 1962-இல் மாஸ்கோ பதினொரு நாளில் திரும்பி வர முடிந்ததற்குக் காரணம், கியூபா முடிந்ததும் சீனாவின் தயவு அதற்குத் தேவைப்படவில்லை. அந்த வசதி இப்போது இல்லை.

2018 அக்டோபரில் இந்தியா சுமார் 540 கோடி டாலருக்கு எஸ்-400 வான் பாதுகாப்பு அமைப்பின் ஐந்து தொகுதிகளுக்கு ஒப்பந்தம் போட்டது. 2021 இறுதியில் வரத் தொடங்கியவை உக்ரைன் போரால் தாமதமாயின. அதே எஸ்-400-ஐ நமக்கு முன்பே வாங்கிய நாடு சீனா. அதன் முதல் தொகுதி 2018-இலேயே போய்ச் சேர்ந்துவிட்டது. எல்லையில் மறுபடி துப்பாக்கி வெடித்தால் ஏவுகணைக்கும் உதிரிக்கும் இரு தலைநகரங்களிலிருந்தும் ஒரே நாளில் மாஸ்கோவுக்குக் கோரிக்கை போகும். எந்தக் கோரிக்கை முதலில் பிரிக்கப்படும் என்பதை மதிப்பிட, 1971-இன் வீட்டோக்களைவிட அன்றைய ரஷ்யக் கருவூலத்தின் யுவான் கணக்கு அதிகம் உதவும்.